கயிற்றின் கடைசி ஆள்

"என்னால முடியல. முட்டி போச்சு. இறங்கிடலாம்."

லொரெய்ன் இதைச் சொன்னபோது உச்சிக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் பாக்கி. சொன்ன கையோடு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு பேரும் ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் வழிகாட்டி கர்ட், அடுத்து ஜனெல், அவளுக்குப் பின் டார்சி, கடைசியில் லொரெய்ன். காலடியில் எங்கே பனி பிளந்திருக்கும் என்று தெரியாத மலையில் யாரையும் தனியே விட்டுப் போக முடியாது. ஒருத்தர் திரும்பினால் கயிறு மொத்தமும் திரும்ப வேண்டும்.

"விளையாடாதே லொரெய்ன். உச்சி இதோ கண்ணுல தெரியுது," என்றாள் ஜனெல்.

"தெரியுது. போக முடியல."

"நாலு நாளா எங்களையெல்லாம் ஆமைன்னு கேலி பண்ணிட்டு முன்னால ஓடினவ நீதானே?"

லொரெய்ன் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

பெண்கள் மூவரும் புற்றுநோயோடு மல்லுக்கட்டிப் பிழைத்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கென்றே நடக்கிற மலையேற்ற முகாம் அது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் மாட்டிவிட்ட பெயர்ப்பட்டையை உச்சியில் நின்று கத்தரித்துக்கொள்வது அங்கே வழக்கம். ஜனெல் பட்டை இருந்த தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"இதை வெட்டாமலேயே வீட்டுக்குக் கொண்டு போகணுமா?"

டார்சிக்கு வலது நுரையீரலில் பாதி கிடையாது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். மாடிப்படி ஏறும்போதெல்லாம் கணவன் வேட் முழங்கையைப் பிடித்துக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. அக்கா போனில்கூட இழவு வீட்டுக் குரலில் பேசினாள். பிழைத்து ஒன்றரை வருடம் ஆகியும் அவள் எல்லோருக்கும் நோயாளிதான். அவளுக்கே அவள் நோயாளிதான். ஒரு தடவை உச்சியில் போய் நின்றுவிட்டால் அந்தப் பார்வை மாறிவிடும் என்று நம்பி வந்திருந்தாள்.

ஒரு மணி நேரமாக அவளுக்கு மூச்சு முட்டியது என்னவோ உண்மை. பூட்ஸ் கயிறு கட்டுகிற சாக்கில் இரண்டு தடவை நின்றாள், படம் எடுக்கிற சாக்கில் மூன்று தடவை நின்றாள். கண்கூட இருட்டியது. ஆனால் 'முடியல' என்ற ஒரு சொல்லைச் செத்தாலும் சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்தான் பின்னாலிருந்து வந்தது.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அது வெளியே தெரிந்துவிடுமோ என்று அவசரமாகக் கோபத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"முட்டி வலின்னா முகாம்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே? உன் ஒருத்தியால நாங்க ரெண்டு பேரும் கெடணுமா?"

லொரெய்ன் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சுக்கோ டார்சி."

"இறங்கலாம்," என்றான் கர்ட்.

கயிறு திரும்பினால் கடைசி ஆள்தான் முதல் ஆள். லொரெய்ன் நொண்டியபடி முன்னால் இறங்கினாள். வழி முழுக்க ஜனெல் குத்திக்காட்டிக்கொண்டே வந்தாள். டார்சியும் மூச்சு கொஞ்சம் சீரானதும் சேர்ந்துகொண்டாள்.

கீழே வேனில் மூட்டையைத் தூக்கிப் போட்ட லொரெய்னை ஜனெல் உற்றுப் பார்த்தாள்.

"மேல வலது கால்ல நொண்டின. இப்ப இடது கால்ல நொண்டுற?"

"ரெண்டும்தான் வலிக்குது."

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா மரியாதையாவது மிஞ்சியிருக்கும்," என்றாள் டார்சி. "அடுத்த வருஷமாவது முட்டியைச் சரி பண்ணிட்டு வா."

"சரி," என்று சொல்லிவிட்டு லொரெய்ன் வேனின் பின் இருக்கையில் போய்ச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

டார்சி கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். 'நான் நல்லாத்தான் ஏறினேன். கூட வந்தவளுக்கு முட்டி வலியாம். அவளால எல்லாரும் இறங்க வேண்டியதாப் போச்சு.'

பதில் உடனே வந்தது. 'நீ ஏறியிருப்பேன்னு எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் நானும் வரேன். எனக்குச் சொல்லிக்கொடு.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். ஒன்றரை வருடத்தில் வேட் அவளிடம் ஒன்றைக் கற்றுக்கொடு என்று கேட்டது இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேனுக்கு வெளியே கயிறு சுருட்டிக்கொண்டிருந்த கர்ட்டிடம் போய்ப் போனை நீட்டினாள்.

"பாரு, என் வீட்டுக்காரர் என்ன எழுதியிருக்காருன்னு."

அவன் படித்தான். சிரிக்கவில்லை.

"லொரெய்ன் ஆசைப்பட்டபடியே நடந்துருச்சு."

"அவளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சொல்லக் கூடாதுன்னுதான் வாக்கு வாங்கினாங்க. நீங்க பேசின பேச்சைக் கேட்டப்புறம் என்னால அடக்க முடியல. நீங்க கால் எடுத்து வைக்க முடியாம நின்னப்பெல்லாம் கயிறு தொய்ஞ்சு அவங்க காலடியிலதான் விழுந்துச்சு. கடைசியா தண்ணி குடிக்க நின்னோமே, அப்ப என் காதுல சொன்னாங்க. 'டார்சியால இனி முடியாது. அவளாலன்னு சொல்லி இறக்கினா வாழ்நாள் பூரா நோயாளியாவே இருந்துடுவா. என் முட்டின்னு வச்சுக்கலாம்'னு."

வேன் பக்கம் திரும்பிப் பார்க்க டார்சிக்குத் தைரியம் வரவில்லை.

"நல்லா யோசிச்சுக்கோங்கன்னு நான் கெஞ்சினேன்," என்றான் கர்ட்.

"கெஞ்ச என்ன இருக்கு?" அவள் குரல் உடைந்தது. "என்னைவிட நல்லா ஏறுறவ. அடுத்த வருஷம் ஏறிட்டுப் போறா."

"கிளம்புறதுக்கு முதல் நாள்தான் அவங்களுக்கு ரிப்போர்ட் வந்துச்சு. நோய் மறுபடியும் வந்து எலும்பு வரைக்கும் பரவிடுச்சு. அவங்களுக்கு அடுத்த வருஷம் இல்லைங்க."