சூடு வீணாகாத எஞ்சின்

சோதனை ஓட்டம் தேறினால்தான் எஞ்சினியருக்குப் பதவி உயர்வு. கொதிகலனுக்குள் தண்ணீர் நன்றாகச் சுற்றிவர அவர் பொருத்திய புதுக் குழாய்களின் மகிமையைப் பார்க்க, தலைமை அதிகாரியே எஞ்சினில் ஏறியிருந்தார். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினியருக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

“பிரமாதம்யா! முன்னெல்லாம் இங்கே நின்னா வெந்துபோவோம். இப்ப குளுகுளுன்னு இருக்கு. துளி சூடு வீணாகலை!” என்று எல்லாம் தெரிந்தவர்போல அதிகாரி அடுப்புக் கதவைத் திறக்கப் போனார்.

“ஐயோ சார், தொடாதீங்க, சுட்டுடும்!” என்று பாய்ந்து தடுத்தார் எஞ்சினியர்.

“நிலக்கரிகூடக் குறையலையே! முடிவு பண்ணிட்டேன். பழைய எஞ்சினையெல்லாம் நாளைக்கே உடைச்சுடுங்க!”

டிரைவர் மெல்ல எஞ்சினியரின் காதைக் கடித்தார்.

“குழாய் ஒழுகுதுன்னு நம்ம அடுப்பைப் பத்தவைக்கவே இல்லை. பின்னாடியிருந்து தள்ளிட்டு வர்ற பழசையும் உடைச்சுட்டா, நாளைக்கு நம்மளை யாரு சார் தள்ளுவா?”