எறிந்தவன் முகம்

“பந்து கையை விட்டுப் போயிடுச்சு சார். அதுக்கப்புறம்தான் பஸ்ஸர் அடிச்சுது,” என்றார் டீச்சர்.

“இல்ல சார், பஸ்ஸர் அடிக்கிறப்ப பந்து விரல் நுனியில இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்,” என்றார் வங்கிக்காரர்.

“அப்ப நான் என்ன மூணாவது கண்ணாலயா பார்த்தேன்?”

கூடைப்பந்துக் களத்தின் நடுவட்டத்தில் பள்ளிக்கூட டீச்சர், வங்கிக்காரர், தலைமை நடுவர் என மூன்று நடுவர்களும் தலையோடு தலை முட்டாத குறையாக நின்றிருந்தார்கள். தலைமை நடுவருக்குத் ‘தராசு’ என்று பெயர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தீர்ப்பைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை என்று அவரே ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி வந்த பெயர் அது.

விதி என்னவோ சின்னதுதான். நேரம் முடிந்ததும் கூடைக்குப் பின்னாலுள்ள பலகையைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு முன்னால் பந்து கையை விட்டிருந்தால் கூடை செல்லும். அந்த விளக்கு காலையிலேயே கெட்டுத் தொலைந்திருந்தது. மிச்சமிருந்தது பஸ்ஸர் சத்தம். இரண்டாயிரம் பேர் போட்ட கூச்சலில் அதை யார் எப்போது கேட்டார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். வீடியோவும் கிடையாது.

கூடை செல்லுமென்றால் பணிமனை அணிக்கு ஒரு புள்ளியில் வெற்றி. செல்லாதென்றால் ஒரு புள்ளியில் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் அணியையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் எழுதியே கொடுத்திருந்தது.

“சார், நீங்கதான் முடிவு சொல்லணும். நீங்க என்ன பார்த்தீங்க?” என்றார் டீச்சர்.

தராசு ஒன்றையும் பார்க்கவில்லை. அந்த நொடியில் யாரோ முழங்கையால் இடிக்கிறார்களா என்று கூடைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வெளியே சொல்ல முடியுமா? ஆனால் இந்த மாதிரி நேரத்துக்கென்று அவரிடம் கைவசம் ஒரு வித்தை இருந்தது.

“நான் பந்தைப் பார்க்கவே மாட்டேன் டீச்சர். எறிஞ்சவன் மூஞ்சியைப் பார்ப்பேன். முன்னாடி விட்டோமா பின்னாடி விட்டோமான்னு அவனைவிட வேற யாருக்குத் தெரியும்? முன்னாடி விட்டவன் குதிப்பான், நம்ம சட்டையைப் பிடிச்சு உலுக்குவான். பின்னாடி விட்டவன் நம்ம கண்ணைப் பார்க்க மாட்டான்.”

“இவன் என்ன பண்ணான்?”

“பந்து வலையில விழுந்ததும் திரும்பி ஒரே ஓட்டமா தன் பக்கத்துக்குப் போயிட்டான். நீங்களும் பார்த்தீங்கல்ல?”

டீச்சர் தயங்கித் தலையாட்டினார். அதை அவரும் பார்த்திருந்தார்.

மூவரும் திரும்பினார்கள். பணிமனை ஆட்கள் நான்கு பேர் மேசையருகே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். எறிந்தவன் மட்டும் தன் பக்கத்துக் கூடைக்கடியில் தனியாக நின்றான். பதினோராம் எண். கடைசி எட்டு வினாடிக்காக மட்டும் உள்ளே இறக்கப்பட்ட வெல்டர்.

“பாருங்க, இப்பவும் வாயைத் திறக்கறானா? மனசாட்சி உறுத்துது,” என்றார் தராசு.

கைகளை மார்புக்குக் குறுக்கே வீசி, கூடை செல்லாது என்று காட்டினார்.

நடுவர்கள் அறைக்குப் பணிமனைப் பயிற்சியாளர் வந்தபோது, பெரிய சண்டைக்குத்தான் வருகிறார் என்று தராசு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்தவரோ கதவோரமே நின்றுவிட்டார்.

“ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போட்டாச்சுங்களா சார்?”

“போட்டாச்சு. இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது.”

“மாத்தச் சொல்ல வரல சார். எங்க பதினொண்ணு ஒரு விஷயம் கேட்டுட்டு வரச் சொன்னான்.”

தராசுக்கு நிம்மதியாக இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டார். “நல்ல பையன்ங்க. லேட்டா விட்டது தெரிஞ்சதும் மூஞ்சியைக் காட்டாம போயிட்டானே.”

“இல்லீங்க சார், எதிராளி அடுத்து பந்தோட வருவான்னு தடுக்க ஓடினான்,” என்றார் பயிற்சியாளர். “பஸ்ஸர் எப்ப அடிச்சுதுன்னுதான் கேட்டுட்டு வரச் சொன்னான். அவனுக்குப் பிறவியிலேயே காது கேக்காதுங்க.”