பொம்மைச் சாம்பியனின் பெல்ட்

“பெல்ட் திருடன் வந்தாச்சு. அவங்கவங்க பொருளைப் பத்திரமா வெச்சுக்கோங்க.”

தம்பி செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணனான பல் டாக்டர் தன் வழக்கமான வரவேற்பைக் கொடுத்துவிட்டார். கூடத்தில் இருந்த உறவினர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்துவைத்தான். அவன் கையைப் பிடித்திருந்த மகள் மட்டும் சிரிக்கவில்லை.

டாக்டரின் கண்ணாடி அலமாரி நிறைய மல்யுத்த வீரர் பொம்மைகள். சின்ன வயதிலிருந்து சேர்த்தவை. நடுநாயகமாகச் சாம்பியன், மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். இடுப்பில் மட்டும் ஒன்றும் இல்லை. அவனுடைய தங்க நிறக் குட்டி பெல்ட், அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே காணாமல் போயிருந்தது.

எடுத்தது தம்பிதான் என்று அன்றைக்கே டாக்டர் முடிவு கட்டிவிட்டார். அவன் இல்லையென்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சாப்பாடு முடிந்ததும் தம்பி அவரைப் பின்னறைக்குக் கூப்பிட்டான். குனிந்த தலையோடு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

உள்ளே பெல்ட்.

“நான்தான் எடுத்தேன். மன்னிச்சிடுண்ணா. பாப்பாவுக்கு விவரம் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. ‘பெரியப்பா ஏம்ப்பா உன்னைத் திருடன்னு சொல்றார்’னு கேக்குறா. இனிமே அவ முன்னால மட்டும் அப்படிக் கூப்பிடாதே.”

டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பி சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. நேரே கூடத்துக்குப் போய் பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார்.

“பாத்தீங்களா? திருடன் தன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்.”

கைதட்டல் எழுந்தது. பின்னாலேயே வந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுமி நிமிர்ந்து பார்த்தாள்.

“நிஜமாவாப்பா?”

தம்பி தலையாட்டினான். அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் அலமாரியைத் திறந்தார். பல் பார்க்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் பெல்ட்டைச் சாம்பியனின் இடுப்பில் சுற்றினார். பின்பக்கத்தில் கொக்கியைத் தேடினார். கொக்கி இல்லை. அழுத்துகிற பட்டன் இருந்தது.

இடுக்கி அந்தரத்தில் நின்றது.

அவருடைய சாம்பியன், பொம்மை கம்பெனியின் முதல் தயாரிப்பு. அதன் பெல்ட்டுக்குக் கொக்கிதான் உண்டு. பட்டன் வைத்தது வந்ததெல்லாம், அண்ணனும் தம்பியும் மீசை முளைத்து வேலைக்குப் போன பிறகு. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவரே இதை வகுப்பெடுத்திருக்கிறார்.

முதுகுக்குப் பின்னால் இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்ற தம்பியைக் கையசைத்துப் பக்கத்தில் அழைத்தார்.

“டேய்... இது நம்ம பெல்ட் இல்லையே.”

“மெதுவா பேசுண்ணா,” என்றான் தம்பி அவர் காதோடு. “கொக்கி வெச்சது எங்கே தேடியும் கிடைக்கல.”