இனிப்பு ஏறாத உடம்பு

மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று அருணகிரி காலையில் மாத்திரைகளை மட்டும் விழுங்கியிருந்தார். அவர்கள் வந்து சேர மதியமாகிவிட்டது. தட்டு மாற்றும்போது அவர் கை நடுங்குவதை மனைவி மரகதம் பார்த்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சக்கரை இறங்கிடுச்சா?" என்று காதருகே கேட்டாள்.

"வெளிய சொல்லாத. பொண்ணுக்கும் வரும்னு சம்பந்தத்தையே விட்டுருவாங்க."

அவள் ஒரு லட்டைப் பிட்டு அவர் வாயில் வைத்தாள். விழுங்கினார். ஆனாலும் வியர்வை நிற்கவில்லை, பேச்சு குழறியது. அப்போதுதான் டாக்டர் சொன்னது அவளுக்கு உறைத்தது. ஒரு மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். இன்னொன்று, இனிப்பைக் குடலில் சட்டென்று உடைய விடாது. இந்த இரண்டும் சாப்பிடுகிறவருக்கு லட்டும் சீனியும் அவசரத்துக்கு உதவாது, குளுக்கோஸ்தான் வேண்டும். வீட்டில் அது தீர்ந்துபோயிருந்தது.

அருணகிரியின் கண்கள் செருகத் தொடங்கின. பட்டுப்புடவையில் தலை குனிந்திருந்த மகளை ஒருமுறை பார்த்துவிட்டு மரகதம் எழுந்தாள்.

"இவருக்குச் சக்கரை வியாதி. இப்ப ரொம்ப இறங்கிடுச்சு. யாராச்சும் ஓடிப்போய் குளுக்கோஸ் வாங்கிட்டு வாங்க!"

மாப்பிள்ளையின் தாய் சம்பூரணம் தன் கைப்பையைத் திறந்தாள். ஏற்கெனவே பிரித்திருந்த குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து, டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கி அவர் உதட்டில் சாய்த்தாள். சற்று நேரத்தில் அவர் பார்வை நிலைக்கு வந்தது.

"இது எதுக்கு உன் பையில?" என்றார் அவள் கணவர்.

சம்பூரணம் நிமிரவில்லை. டம்ளரின் அடியில் தங்கிய தூளைக் கரண்டியால் கலக்கி, "இதையும் குடிச்சிருங்கண்ணா" என்றாள்.