காரணம் கேட்கக் கூடாது

நூலகக் கணினியின் திரை முழுக்கச் சிவப்பு. டெல்மருக்குக் காது மடல் சூடானது.

'வன்முறை, இரத்தம். இந்தப் பக்கம் தடுக்கப்பட்டுள்ளது.'

மூன்று வாரமாகக் காத்திருந்த பக்கம். வீட்டில் கணினி இல்லை. கையில் இருப்பது மடக்கும் போன். கோழி ஆலைக்குப் போகும் பஸ் இன்னும் இருபது நிமிடத்தில் வந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், படிக்கத் தெரியாத நாளில் என்றால் சிவப்பைப் பார்த்ததும் எழுந்து போயிருப்பார். இன்று விரலை வைத்து, கடைசியில் கிடந்த பொடி எழுத்து வரைக்கும் படித்தார்.

'பதினேழு வயதைத் தாண்டியவர் கேட்டால் தடை நீக்கப்படும். காரணம் சொல்லத் தேவையில்லை.'

கேட்டால் போதும்! ஆனால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஒரே கூடம், கிசுகிசுத்தாலும் ஊருக்கே கேட்கும். போதாததற்கு, ஆலையில் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஹோலிஸ், ஏசி காற்றுக்காக அங்கேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

டெல்மர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மிஸ் இனெஸ்! ஆறாம் நம்பர்ல அந்தத் தடைய எடுத்து விடுங்கம்மா!"

நாலைந்து தலைகள் திரும்பின.

"அடப்பாவி!" என்றார் ஹோலிஸ். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல காணிக்கைத் தட்டு ஏந்துறவன்டா நீ! பட்டப்பகல்ல உனக்கு இது கேக்குதா?"

நூலகர் மிஸ் இனெஸ் வந்தார். திரையைப் பார்க்காமல், கூரையைப் பார்த்தபடியே கடவுச்சொல்லைத் தட்டினார்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கக் கூடாது டெல்மர். பெரியவங்க கேட்டா எடுத்து விடணும். அவ்வளவுதான் சட்டம்."

"சும்மா கேளுங்களேன்!"

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

பக்கம் திறந்தது. அதற்குள் ஹோலிஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மேலும் கீழும் தேடினார்.

"என்னடா இது, பேருக்கு ஒரு பொம்பள படம் இல்ல? வெறும் எழுத்தாக் கெடக்கு!"

"எழுத்துதான்."

"எனக்குத்தான் படிக்க வராதே. யாரு எழுதுனது?"

'கோழி வெட்டும் வரிசையில் முப்பத்தொரு வருடம்' என்று தலைப்பு. அதற்குக் கீழே இருந்த பெயரில் டெல்மர் விரலை வைத்தார். கூடம் முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"டெல்மர் ரே பாஸ்."