பதினேழாம் எண் பல் செட்

"பல்லைக் கொடுக்க முடியாதுங்க."

கலைப்பு அதிகாரி தலையைக்கூடத் தூக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி. இரண்டு பூட்டு, ஓர் அரக்கு முத்திரை. உள்ளே நாற்பத்து மூன்று பல் செட்டுகள், தனித்தனி டப்பாக்களில்.

பல் செட் செய்யும் கம்பெனி திவாலாகிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அதன் சொத்துகளை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு போடும்படி கோர்ட் நியமித்த ஆள் இவர்.

மேஜைக்கு எதிரே பெரியவர் ஒருவரும் அவருடைய மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரின் கன்னங்கள் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"பத்தொன்பது நாளா வெறும் கஞ்சி சார். நாலு கிலோ இறங்கிட்டார்," என்றாள் மகள். "ஞாயித்துக்கிழமை முந்நூறு பேர் முன்னால பேசணும் வேற. அப்பா வாய்க்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. வேற யாருக்குப் பொருந்தப் போகுது?"

"யாருக்கும் பொருந்தாதும்மா. ஆனா பட்டியல்ல ஏறிடுச்சு."

"முழுப் பணமும் கட்டியாச்சு சார். ரசீது இருக்கு, பாருங்க."

"கட்டினீங்க. பொருள் கைக்கு வரலையே. அதுக்குள்ள கம்பெனி மஞ்சக் கடுதாசி கொடுத்திடுச்சு. இனிமே அது கடன் கொடுத்த எல்லாருக்கும் பொதுச் சொத்து. நீங்களும் வரிசையில நின்னு உங்க பங்கை வாங்கிக்கணும்."

"பங்கு எவ்வளவு வரும்?"

"நூத்துக்கு மூணு தேறும்."

"செட்டுல இருபத்தெட்டுப் பல் சார்!"

அதிகாரி ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "ஒரு பல்லுகூட முழுசா வராதும்மா."

பெரியவர் எழுந்து மேஜையில் ஓங்கித் தட்டினார். அரை நிமிடம் என்னவோ சொன்னார். பல் இல்லாத வாயிலிருந்து சொல்லுக்குப் பதில் காற்றுதான் வந்தது.

"கொஞ்சம் தயவு பண்ணுங்கன்னு சொல்றார்," என்றாள் மகள்.

"தயவுக்கு இவ்வளவு நீளமா?"

பெரியவர் மறுபடி சீறினார். மகள் தயங்கினாள். "நான் யார்னு தெரியுமான்னு கேட்கறார்."

"தெரியாம என்ன? வரிசை எண் பதினேழு."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்தவங்க பல்லைப் பூட்டி வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?"

"ஏலம் விடணும். கடன் கொடுத்த பாங்க்கோட வக்கீல் ஒரே பிடியா நிக்கறார். ஒவ்வொரு செட்டுக்கும் விலை மதிக்கணும்னுட்டார். மதிப்பீட்டாளர் வந்து ரெண்டு நாள் உட்கார்ந்து மதிச்சார். 'உபயோகிக்காதது, நல்ல நிலை'ன்னு நாப்பத்து மூணு தடவை எழுதியிருக்கார். அவர் ஃபீஸைக் கொடுக்கவே பத்து செட்டு விக்கணும்."

"யார் வாங்குவாங்களாம்?"

"நானும் கேட்டேன். அதைச் சொல்ல ஃபீஸ் தனியாம்."

"சிரிக்காதீங்க சார். ஒரு வயசானவர் சாப்பாட்டுல மண்ணைப் போடறீங்க. கொஞ்சமாவது மனுஷத்தன்மை வேண்டாமா?"

அதிகாரி இப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு இருந்து என்னம்மா பிரயோஜனம்? தீர்ப்பு ஒண்ணு குறுக்கே நிக்குதே. பதினாலு வருஷத்துக்கு முந்தினது. இன்னிவரைக்கும் எங்க கையை அதுதான் கட்டிப் போட்டிருக்கு."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"செயற்கைக் கால் செய்யற கடை ஒண்ணு மூழ்கிச்சு. ஒம்பது வயசுப் பொண்ணு ஒருத்திக்காக முழுப் பணமும் கட்டிச் செய்யச் சொன்ன கால், கடைக்குள்ள மாட்டிக்கிச்சு. அவங்கம்மா பொண்ணை இடுப்புல தூக்கிக்கிட்டு வந்து கோர்ட்ல நின்னாங்க. ஒருத்தருக்கு இரக்கம் காட்டினா மத்தவங்க பங்கு குறையும்னு தள்ளிட்டாங்க. காலை ஏலத்துல விட்டாங்க."

"அதை யார் வாங்கினா?" மகளின் குரல் இறங்கியிருந்தது.

"பழைய இரும்புக்காரர். எடைக்கு."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இந்தத் தடவை மகள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சின்னக் குழந்தையோட... காலையா? எந்த மடையன்... எழுதினான்?"

அதிகாரி ஃபைலை ஓரமாக வைத்தார். வேறொரு காகிதத்தை முன்னால் நகர்த்தினார்.

"அந்தத் தீர்ப்பு தப்பு, ரத்து பண்ணுங்கன்னு ஒரு மனு. நான் போட முடியாது. பாதிக்கப்பட்டவங்கதான் போடணும். ஜெயிச்சா நாப்பத்து மூணு பேருக்கும் பல் கிடைக்கும். நாப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. முதல் இடத்தை உங்களுக்குன்னு விட்டு வெச்சிருக்கேன்யா."

மகள் வாங்கிப் படித்தாள். "'மேற்படி தீர்ப்பு இரக்கமும் அறிவும் இல்லாதது'ன்னு எழுதியிருக்குப்பா. ரொம்பக் காட்டமா இல்லை?"

பெரியவர் மனுவைப் பிடுங்கினார். 'இல்லாதது' என்பதற்கு முன்னால் 'சிறிதும்' என்று தன் கையாலேயே சேர்த்தார். முதல் இடத்தில் கையெழுத்திட்டு, அடியில் நீளமாக ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே இரண்டு புள்ளி வைத்தார்.

"ரொம்ப நன்றிங்கய்யா," என்றார் அதிகாரி. "மனுவோட தீர்ப்பின் நகலையும் இணைக்கணும். ரெண்டையும் ஒரு தடவை பார்த்துடுங்கம்மா."

ஃபைலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மகள் இதைப் பார்த்தாள். அதைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள்.

அதே கையெழுத்து. அதே நீளக் கோடு, அதே இரண்டு புள்ளி. பழையதில் மட்டும், புள்ளிகளுக்குக் கீழே 'நீதிபதி' என்று முத்திரை குத்தியிருந்தது.