டைகர் திரும்பி ஓடிய வீடு

ஆஸ்டின் டவுனிலிருந்து அல்சூருக்குக் குடிமாறிய நாள் முதல் டைகர் பழைய வீட்டுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"பூனைதான் வீட்டை விடாது, நாய் மனுஷங்க பின்னால வரும்பாங்க. உங்க வீட்ல தலைகீழா இருக்கே?" என்றாள் பக்கத்து வீட்டு எல்லம்மா.

"பழகின இடமாச்சே," என்று டோரீன் பேச்சை முடித்தாள்.

அவள் கணவன் ஓஸ்வால்ட் சங்கிலியோடு கிளம்பினான். பழைய வீட்டு வாசலில் படுத்திருந்த டைகர் அவனைக் கண்டதும் உறுமியது. கிட்டே போனான், பல்லைக் காட்டியது.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

"ஓஸ்வால்டா? உள்ள வராதப்பா, டிபி பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்," என்றார் அவன் விட்டுவிட்டு வந்த அண்ணன். "நாயைக் கூட்டிட்டுப் போ. எவ்வளவு விரட்டியும் என்னை விட்டுப் போகமாட்டேங்குது."

சங்கிலியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓஸ்வால்ட் உள்ளே போனான். டைகர் வழிவிட்டது.